அலமாரிக்குள் 33 அத்தியாயங்கள்: யாரும் விதைக்காத சிரிப்பு

 

இன்றைய பேச்சின் பொருள் நகைச்சுவை. ஆனால் தொப்பியும் கைத்தடியுமாக வந்து சார்லி சாப்ளின் சிரிக்க வைத்தாரே, அந்த நகைச்சுவை அல்ல. அது கணக்குப் போட்டுச் செய்தது. எங்கே விழ வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று ஒத்திகை பார்த்துச் செய்தது. இன்று பேசப்போவது வேறொன்று. படைத்தவர் கண்ணீரை எதிர்பார்க்கிறார். பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். படைத்தவர் காவியம் என்று நினைத்துக் கொடுக்கிறார். பார்த்தவர் கையில் அது கேலிச்சித்திரமாக வந்து சேர்கிறது. யாரும் விதைக்காமல் முளைக்கிற சிரிப்பு அது. அது எங்கிருந்து வருகிறது? ஏன் வருகிறது? வந்த பிறகு நம்மை என்ன செய்கிறது?

நகை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காகப் பிரித்தார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே ஒரு பாடகர் 33 அத்தியாயங்களில் ஒரு பாட்டைப் பாடினார். ஒரே பாட்டு, ஒரே மெட்டு, 33 அத்தியாயங்கள்!

அந்தப் பாடகர் சிகாகோவைச் சேர்ந்த ஆர். கெல்லி. முழுப்பெயர் ராபர்ட் சில்வெஸ்டர் கெல்லி. 'ஸ்பேஸ் ஜாம்' படத்துக்காக 1996-இல் அவர் பாடிய 'ஐ பிலீவ் ஐ கேன் ஃப்ளை' அமெரிக்கப் பள்ளிகளின் பட்டமளிப்பு விழாக்களில் ஒலித்தது, தேவாலயங்களில் பாடப்பட்டது. 1998-இல் அந்த ஒரு பாட்டுக்கே மூன்று கிராமி விருதுகள். ரிதம் அண்ட் புளூஸ் இசையில் குரல்வளமும் மெட்டமைக்கும் திறமையும் நிறைந்தவர் என்று பெயர் எடுத்தவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், திறமையில்லாதவர் செய்ததால் வந்த சிரிப்பு அல்ல இது.

2005-ஆம் ஆண்டு ஜூலையில் அவருடைய 'டிபி.3 ரீலோடட்' என்ற இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதன் கடைசியில் ஐந்து பாட்டுகள். ஐந்துக்கும் ஒரே பெயர்: 'ட்ராப்ட் இன் தி க்ளோசெட்'. அலமாரிக்குள் மாட்டிக்கொண்டவன் என்று பொருள். அத்தியாயம் 1, அத்தியாயம் 2 என்று எண் போட்ட பாட்டுகள். வானொலி நிலையங்களுக்கு அவை ஒவ்வொன்றாக அனுப்பப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மியூசிக் வீடியோ. ஒவ்வொரு வீடியோவும் மர்மத் தொடர்கதை போலப் பாதியில் நிற்கும். அந்த ஆண்டு முடிவதற்குள் 12 அத்தியாயங்கள் டிவிடியாக வந்தன. 2007 ஆகஸ்டில் இன்னும் பத்து. 2012 நவம்பரில் இன்னும் பதினொன்று. ஆக மொத்தம் 33.

கதை என்ன? பொறுமையாகக் கேளுங்கள், கொஞ்சம் மூச்சு முட்டும்.

சில்வெஸ்டர் என்று ஒருவன். பாடகரின் நடுப்பெயர்தான் இந்தப் பாத்திரத்துக்கும். காலையில் கண் விழிக்கிறான். படுத்திருப்பது மனைவியின் கட்டிலில் அல்ல, வேறொரு பெண்ணின் கட்டிலில். கிளம்பலாம் என்று பார்த்தால் அவளுடைய கணவன் படியேறி வருகிறான். சன்னல் வழியே குதிக்கலாமென்றால் வீடு ஐந்தாவது மாடியில். துணி அலமாரிக்குள் ஒளிகிறான். கணவன் உள்ளே வருகிறான். எல்லாம் சரியாகப் போகும் நேரத்தில் சில்வெஸ்டரின் கைப்பேசி மணி அடிக்கிறது! கணவன் குளியலறையைத் தேடுகிறான், கட்டிலுக்கு அடியில் தேடுகிறான், கடைசியில் அலமாரியை நோக்கி வருகிறான். உள்ளே இருப்பவன் துப்பாக்கியை உருவுகிறான். கதவு திறக்கப்போகிறது. முதல் அத்தியாயம் முற்றும்.

இதுவரை நல்ல கதைதானே? யாருக்கும் அடுத்தது என்ன என்று தோன்றும். அடுத்தது இதோ. அந்தக் கணவன் ஒரு பாதிரியார். அவருக்கும் ஒரு ரகசியக் காதல் இருக்கிறது. அந்தக் காதலர் ஓர் ஆண். அந்த ஆணும் அதே வீட்டுக்கு வந்து சேர்கிறார். இதற்கிடையில் சில்வெஸ்டர் தன் வீட்டுக்குப் போன் செய்தால், எடுப்பது ஓர் ஆண் குரல். பதறிப்போய்க் காரை விரட்டுகிறான். வழியில் வேகமாகப் போனதற்காக ஒரு போலீஸ்காரர் மடக்குகிறார். வீட்டுக்குப் போனால், போனை எடுத்தது மனைவியின் அண்ணன். அப்போதுதான் சிறையிலிருந்து வெளியே வந்தவன். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மனைவியின் கள்ளக்காதல் தெரியவருகிறது. யாரோடு? வழியில் மடக்கினாரே, அந்தப் போலீஸ்காரரோடு! அந்தப் போலீஸ்காரர் தன் வீட்டுக்குப் போனால், அவர் மனைவியும் சமையலறையில் ஓர் ஆளை ஒளித்து வைத்திருக்கிறாள்!

ஊரில் மொத்தம் எத்தனை பேர்? எல்லோருக்கும் எல்லோரோடும் எப்படித் தொடர்பு? இப்படிக் கேட்பதற்கே கதை நேரம் தருவதில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் பாடகர் குரலை உச்சத்துக்குக் கொண்டுபோகிறார். பின்னணியில் இசை திக்திக்கென்று அடித்துக்கொள்கிறது. பார்ப்பவர் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்.

எதற்காகச் சிரிக்கிறார்? பார்க்கவேண்டியது அதைத்தான்.

முதல் காரணம் மெட்டு. 33 அத்தியாயங்களுக்கும் அடிப்படை மெட்டு ஒன்றுதான். காதலைச் சொல்லவும் அதே மெட்டு. துப்பாக்கியை நீட்டவும் அதே மெட்டு. போலீஸ்காரர் காரை ஓரம் கட்டச் சொல்லவும் அதே மெட்டு. கதவைத் தட்டுவது, போனை எடுப்பது, படி இறங்குவது எல்லாவற்றையும் பாடகர் உருக்கமாக, குரல் நடுங்க, ஏற்ற இறக்கத்தோடு பாடுகிறார். பெரிய உணர்ச்சிக்கென்று வைத்திருந்த குரல் சின்னச் சின்னச் செயல்களுக்கெல்லாம் செலவாகிறது. மரணத்துக்கும் ஒரே அழுகை, மாவு கொட்டியதற்கும் அதே அழுகை என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

இரண்டாவது காரணம் குரல். எல்லாப் பாத்திரங்களுக்கும் பாடுவது கெல்லி ஒருவர்தான். கணவனுக்கும் அவர் குரல், மனைவிக்கும் அவர் குரல், பாதிரியாருக்கும் அவர் குரல், போலீஸ்காரருக்கும் அவர் குரல். நம் ஹரிகதையிலும் பாகவதர் ஒருவர்தானே ராமனும் ஆகிறார், ராவணனும் ஆகிறார், சீதையும் ஆகிறார்? அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லையே என்று கேட்கலாம். சிரிக்கமாட்டார்கள். ஏனென்றால் அங்கே மேடையில் நிற்பது ஒருவர்; மற்றவர்கள் எல்லாம் நம் கற்பனையில் நிற்கிறார்கள். இங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி நடிகர் இருக்கிறார், ஒவ்வொருவரும் வாயைத் திறக்கிறார், ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரே ஆளின் குரல் வருகிறது. பெண் அழுதுகொண்டே வாயசைக்கிறாள், குரலோ கெல்லியுடையது. கற்பனைக்கு விட்டுவைத்திருந்தால் நின்றிருக்கும். கண்முன் காட்டியதால் சரிந்தது.

அந்த நடிகர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்களில் ஒருவர்கூட விளையாட்டாக நடிக்கவில்லை. போலீஸ்காரராக வந்தவர் மைக்கேல் கே. வில்லியம்ஸ். 'தி வயர்' தொடரில் ஓமர் லிட்டில் என்ற பாத்திரத்தால் உலகப் புகழ் பெற்ற நடிகர். அந்தத் தரத்து நடிகர், வீட்டில் மனைவியோடு நடக்கும் சண்டையில் இன்னொருவரின் குரலுக்கு வாயசைக்கிறார். முகத்தில் கேலியின் சாயல் துளியும் இல்லை. அவர் எவ்வளவு நன்றாக நடிக்கிறாரோ, அவ்வளவு சிரிப்பு வருகிறது.

மூன்றாவது காரணம் துப்பு. எந்த மர்மக்கதைக்கும் துப்பு வேண்டுமல்லவா? போலீஸ்காரர் வீட்டுக்குள் நுழைகிறார். மனைவி செர்ரிப் பழம் வைத்து 'பை' என்ற இனிப்புப் பலகாரம் சுட்டிருக்கிறாள். அதில் ஒரு துண்டு குறைகிறது. போலீஸ்காரருக்குச் செர்ரி ஒவ்வாமை! அப்படியென்றால் இது யாருக்காகச் சுட்டது? கண்கள் சுருங்குகின்றன, இசை ஏறுகிறது, வீடு முழுக்கத் தேடல் நடக்கிறது. ஒரு குடும்பத்தின் நம்பிக்கைத் துரோகத்தை ஒரு துண்டு இனிப்புப் பலகாரம் காட்டிக்கொடுக்கிறது. துரோகம் பெரியது, பலகாரம் சின்னது. பாடகர் இரண்டையும் ஒரே எடையில் வைத்துப் பாடுகிறார்.

இன்னொரு காட்சி. துப்பாக்கி வெடித்த பிறகு சில்வெஸ்டரின் வீட்டில் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். கதவு தட்டும் சத்தம். வெளியே யார்? கொலையாளியா? போலீசா? துப்பாக்கியை நீட்டிக்கொண்டே கதவைத் திறக்கிறார்கள். நிற்பது பக்கத்து வீட்டு ரோஸி. கையில் தோசைத் திருப்பி! வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு வந்திருக்கிறார். துப்பாக்கி ஏந்தியவர்கள் நடுவே தோசைத் திருப்பியோடு ஒரு பெண்மணி. உலகின் எந்த நகைச்சுவை எழுத்தாளரும் பொறாமைப்படும் காட்சி இது.

ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். தொடரில் எல்லாச் சிரிப்பும் ஒரே ரகம் அல்ல. போலீஸ்காரரின் வீட்டில் ஒளிந்திருப்பவர் உயரம் குறைந்த உடலமைப்பு கொண்டவர். அவர் உடலைக் காட்டியே ஓர் அத்தியாயம் அதிர்ச்சி ஊட்டப் பார்க்கிறது. பாதிரியாரின் காதலர் ஆண் என்பதையும் அதே மாதிரி ஓர் அதிர்ச்சியாக வைக்கிறது. இவை தெரியாமல் விளைந்த நகைச்சுவை அல்ல. மனிதரின் உடலையும் காதலையும் காட்டி முகம் சுளிக்கச் சொல்வது வெறும் எள்ளல். அதை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் மற்றதை ரசிக்கவேண்டும்.

நான்காவது காரணம் கதை சொல்பவர். ஒரு கட்டத்தில் கதை உச்சத்தில் இருக்கும்போது காட்சி உறைகிறது. கெல்லியே கதை சொல்பவராக ஓர் அலமாரியிலிருந்து வெளியே வருகிறார். உறைந்து நிற்கும் பாத்திரங்களுக்கு நடுவே நின்று நமக்கு நடந்ததை விளக்குகிறார். டிவிடியில் இன்னும் ஒரு படி மேலே போனார். விளக்கவுரைப் பதிவில், கையில் சுருட்டோடு உட்கார்ந்து, தன் படத்தைத் தானே பார்த்து, திரையில் நாம் கண்ணால் காண்பதையே நமக்கு எடுத்துச் சொல்கிறார். 2005-இல் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் விருது விழாவில் மேடையில் தனி ஆளாக நின்று ஓர் அத்தியாயத்தை வாயசைத்து நடித்துக் காட்டினார். தன் படைப்பில் இந்த அளவு மயங்கி நின்ற கலைஞரைப் பார்ப்பது அரிது.

இந்த நான்கு காரணங்களையும் சேர்த்துக் கட்டும் கயிறு எது? நம்பிக்கை. தான் செய்வது பெரிய காரியம் என்ற முழு நம்பிக்கை. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 1964-இல் 'கேம்ப்' என்ற ரசனையைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. இந்த வகைப் படைப்பில் தூய்மையானது எப்போதும் வெள்ளந்தியானது, அது தன்னைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறது, அந்தத் தீவிரம் நிறைவேறாமல் போகிறது என்பது அவர் கருத்தின் சாரம். தீவிரம் இல்லையேல் இந்தச் சிரிப்பு இல்லை.

இது கெல்லியோடு பிறந்ததா? இல்லவே இல்லை. எம்டிவி 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1983 டிசம்பரில், ஜான் லாண்டிஸ் இயக்கிய மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வந்தது. ஒரு பாட்டுக்கான வீடியோ ஏறக்குறைய 14 நிமிடம் ஓடியது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெரிய கலைஞருக்கும் ஓர் ஆசை: பாட்டைப் படமாக்கினால் போதாது, பாட்டைச் சினிமாவாக்க வேண்டும்!

அந்த ஆசையின் சிகரம் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் முத்தொடர். 1991-இல் 'டோன்ட் க்ரை', 1992-இல் 'நவம்பர் ரெயின்', 1993-இல் 'எஸ்ட்ரேஞ்ச்ட்'. மூன்றையும் இயக்கியவர் ஆண்டி மொரஹன். பாடகர் ஆக்ஸல் ரோஸின் நண்பர் டெல் ஜேம்ஸ் எழுதிய ஒரு சிறுகதை இதற்கு உந்துதல். காதல், கல்யாணம், சாவு, தனிமை என்று ஒரு மனிதனின் துயரத்தை மூன்று பாட்டுகளில் சொல்லிவிடும் திட்டம். பணம் தண்ணீராக ஓடியது. ஒளிப்பதிவுக்கு எம்டிவி விருது கிடைத்தது. இசையும் உயர்ந்த இசை; அதில் சந்தேகம் வேண்டாம்.

படத்தைப் பாருங்கள். 'டோன்ட் க்ரை'யில் கிதார் கலைஞர் ஸ்லாஷ் காதலியோடு சண்டை போட்டுக்கொண்டே காரை மலை உச்சியிலிருந்து கீழே விடுகிறார். கார் வெடிக்கிறது. அடுத்த நொடி அவர் அதே உச்சியில் நின்று கிதார் வாசிக்கிறார். 'நவம்பர் ரெயி'னில் தேவாலயத்துக்குள் கல்யாணம் நடக்கிறது. மாப்பிள்ளைத் தோழனான ஸ்லாஷ் பாதியில் வெளியே நடக்கிறார். உள்ளே நகரத்துப் பெரிய கோயில். வெளியே வந்தால் பாலைநிலத்து நடுவில் தனியாக நிற்கும் சின்னஞ்சிறு கோயில்! அங்கே நின்று மின்கிதாரை வாசிக்கிறார். மின் இணைப்பு எங்கே? ஒலிபெருக்கி எங்கே? ஒன்றும் கிடையாது.

பிறகு கல்யாண விருந்து. மழைத் தூறல் விழுகிறது. மழைதானே? குடையைப் பிடித்தால் போயிற்று. இவர்களோ குண்டு விழுந்ததுபோல் சிதறி ஓடுகிறார்கள். ஒரு விருந்தாளி மேசை மேல் பாய்ந்து கல்யாணக் கேக்குக்குள்ளேயே விழுகிறார். அடுத்த காட்சியில் மணப்பெண் சவப்பெட்டியில் கிடக்கிறாள். எப்படி இறந்தாள்? படம் சொல்லவே இல்லை. மழையில் நனைந்து இறந்துவிட்டாளோ என்று ஒரு தலைமுறையே கேட்டுவிட்டது.

மூன்றாவது பாகம் இன்னும் கொடுமை. மணப்பெண்ணாக நடித்தவர் ஸ்டெபனி சீமோர். நிஜ வாழ்க்கையிலும் ஆக்ஸல் ரோஸின் காதலியாக இருந்தவர். 1993-இல் இருவரும் பிரிந்துவிட்டார்கள். தொடரின் கதாநாயகி போய்விட்டாள்; தொடரோ முடிய வேண்டும். என்ன செய்தார்கள்? டால்பின்களைக் கொண்டுவந்தார்கள்! லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் பூல்வார்டு சாலையில், கட்டடங்களுக்கு நடுவே டால்பின்கள் நீந்துகின்றன. பாடகர் ஒரு பெரிய எண்ணெய்க் கப்பலிலிருந்து கடலில் குதிக்கிறார். அலைகளுக்கு நடுவிலிருந்து ஸ்லாஷ் கிதார் வாசித்தபடியே எழுந்து வருகிறார்.

சிரிக்கிறோம். ஆனால் கவனியுங்கள், வெறுக்கவில்லை. 'நவம்பர் ரெயின்' 2018-இல் யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. 1990-களின் வீடியோக்களில் அந்த எல்லையை முதலில் தொட்டது அதுதான். சிரித்தவர்களும் அதில் இருக்கிறார்கள், அழுதவர்களும் இருக்கிறார்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தவர்களும் இருக்கிறார்கள். தெரியாமல் விளையும் நகைச்சுவையின் பெருமையே இதுதான். அது படைப்பைக் கொல்வதில்லை, வாழவைக்கிறது.

அப்படியானால், தெரிந்தே இதைச் செய்ய முடியாதா? முயன்றார்கள். 'ட்ராப்ட் இன் தி க்ளோசெட்' வெளிவந்த வேகத்திலேயே நையாண்டிகள் வரிசை கட்டின. 2005 நவம்பரில் 'சவுத் பார்க்' கார்ட்டூன் தொடர் அதே தலைப்பில் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பியது. 2006-இல் நையாண்டிப் பாடகர் வியர்ட் அல் யாங்கோவிச் 'ட்ராப்ட் இன் தி டிரைவ்-த்ரூ' என்று ஏறக்குறைய 11 நிமிடப் பாட்டு ஒன்றைப் பாடினார். அதில் துப்பாக்கி இல்லை, துரோகம் இல்லை. ஒரு கணவனும் மனைவியும் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்து, காரில் போய், வரிசையில் நின்று பர்கர் வாங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை! மூலத்தின் ரகசியத்தை யாங்கோவிச் சரியாகப் பிடித்துவிட்டார். சாதாரணத்தை உச்சக்குரலில் பாடுவதுதான் அந்த ரகசியம். ஆனால் அவர் தெரிந்து செய்தார், கைதேர்ந்து செய்தார். அது நல்ல நகைச்சுவை; வேறு வகை நகைச்சுவை.

கெல்லிக்கு என்ன ஆயிற்று? ஊர் சிரிப்பது அவர் காதுக்கும் எட்டியது. 2007 அத்தியாயங்களில் திக்குவாய்த் தரகன், கூச்சல் போடும் பிரசங்கி என்று வேஷம் மேல் வேஷம் கட்டினார். 2012-இல் வந்தவை சிரிப்பைக் கேட்டு வாங்கப் பார்த்தன. முதல் அத்தியாயங்களில் இருந்த வேகம் அவற்றில் இல்லை. கண்ணடித்துக்கொண்டே சொல்லும் கதைக்கு நாம் உள்ளூர நடுங்கமாட்டோம். நடுங்காதபோது சிரிப்பும் பீறிடாது. நம்பிக்கை போனது, சிரிப்பும் போனது.

இங்கே தொல்காப்பியரின் நான்குக்குத் திரும்புவோம். ஒருவரை இகழ்ந்து சிரிப்பது எள்ளல். கன்ஸ் அண்ட் ரோசஸைப் பார்த்து நாம் சிரிப்பது அதுவல்ல. குழந்தை அகல அடியெடுத்து வைத்துத் தடுமாறும்போது தாய்க்கு வருகிற சிரிப்பு இருக்கிறதே, இளமை கண்டு வரும் அந்த நகைக்கு நெருக்கமானது. அந்தச் சிரிப்புக்குள் பரிவு இருக்கிறது. பரிவு இருப்பதால், சிரித்தவுடன் நாம் அந்த ஆளுக்கு உறவாகிவிடுகிறோம். பாவம், நல்ல மனுஷன், கொஞ்சம் கிறுக்கு என்று மனம் சொல்கிறது. எச்சரிக்கை தேவைப்படும் இடம் இதுதான்.

ஏன்? தேதிகளைப் பாருங்கள். 2000 டிசம்பரிலேயே 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழில் ஜிம் டெரோகாட்டிஸும் சக செய்தியாளரும் கெல்லி சிறுமிகளிடம் நடந்துகொண்ட விதம் பற்றி எழுதிவிட்டார்கள். 2002 ஜூனில், சிறார் ஆபாசப்படக் குற்றச்சாட்டில் அவர் மீது வழக்குப் பதிவானது. அந்த வழக்கு விசாரணைக்கு வந்து அவர் விடுவிக்கப்பட்டது 2008 ஜூனில். 'ட்ராப்ட் இன் தி க்ளோசெட்' எப்போது வந்தது? முதல் 22 அத்தியாயங்கள் 2005-இலும் 2007-இலும். வழக்கு நீதிமன்றத்தில் காத்துக்கிடந்த ஆண்டுகளில்தான் நாடே உட்கார்ந்து தோசைத் திருப்பியைப் பார்த்துச் சிரித்தது!

சிரித்தவர்கள் கெட்டவர்களா? இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு வேலையைச் செய்தது. குற்றச்சாட்டுக்கு ஆளான ஒரு மனிதரை, தீங்கற்ற கோமாளியாக மாற்றிக்கொடுத்தது. பத்திரிகைகள் செர்ரிப் பையைப் பற்றி எழுதின. பத்திரிகையாளர் டெரோகாட்டிஸ் தளராமல் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போனார். 2017-இல் மறுபடியும் எழுதினார். 2019 ஜனவரியில் 'சர்வைவிங் ஆர். கெல்லி' ஆவணத் தொடர் ஒளிபரப்பானது. பெண்கள் தம் முகத்தைக் காட்டி, தம் குரலில் பேசினார்கள். ஒவ்வொருவரும் தம் சொந்தக் குரலில்!

2021 செப்டம்பர் 27 அன்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கெல்லி குற்றவாளி எனத் தீர்ப்பானது. பாலியல் நோக்கத்துக்காக ஆட்களைக் கடத்தியதும் அக்குற்றங்களில் ஒன்று. 2022 ஜூனில் 30 ஆண்டுச் சிறைத் தண்டனை. அதே ஆண்டு செப்டம்பரில் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றமும் சிறார் தொடர்பான குற்றங்களில் அவரைக் குற்றவாளி என்றது. 2023 பிப்ரவரியில் 20 ஆண்டுத் தண்டனை; அதில் பெரும்பகுதியை முதல் தண்டனையோடு சேர்த்தே அனுபவிக்க வேண்டும் என்று உத்தரவு.

இதை அறிந்த பிறகு அந்தத் தொடரைப் பார்த்தால் என்ன தெரிகிறது? பாத்திரங்கள் எல்லோருமே எதையோ ஒளிக்கிறார்கள். கதை முழுக்க ரகசியங்கள். தன் நடுப்பெயரையே நாயகனுக்குச் சூட்டிய மனிதர், அத்தனை பேர் வாயிலும் தன் குரலையே வைத்த மனிதர், அந்தக் கதைக்கு வெளியே எத்தனை பேரின் குரலை அடக்கி வைத்திருந்தார் என்பதை நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன.

அப்படியானால் சிரிப்பதே தவறா? பெரிய ஆசை வைத்துச் செய்து சரிந்துபோன படைப்புகளை எல்லாம் மூடி வைத்துவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். 1944 அக்டோபர் 25 அன்று நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் ஃப்ளாரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் என்ற 76 வயதுப் பெண்மணி பாடினார். சுருதி சேராத குரல். ஆனால் இசையின்மேல் அளவில்லாத காதல். அரங்கம் நிரம்பி வழிந்தது. மக்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அவர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவரைக் கேட்டுச் சிரிப்பதில் ஒரு குற்றமும் இல்லை. கன்ஸ் அண்ட் ரோசஸின் டால்பின்களைப் பார்த்தும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

அரங்கில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் கைப்பேசியிலேயே பாட்டுக்குப் படம் எடுக்கிறீர்கள். ஊர் சிரித்துவிடுமோ என்று பயந்து ஆசையைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள். தைரியமாக 33 அத்தியாயம் எழுதுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

பார்வையாளர்களாகிய நமக்கு ஒரு வேண்டுகோள். ஒரு படைப்பைப் பார்த்துச் சிரிக்கும்போது, அதைச் செய்தவர்மீது ஒரு பெண் குற்றம் சாட்டியிருக்கிறாள் என்ற செய்தி கண்ணில் பட்டால், அதைப் புரட்டிவிட்டுப் போகாதீர்கள். நின்று படியுங்கள். ஆறு பகுதிகள் கொண்ட 'சர்வைவிங் ஆர். கெல்லி'யை நேரம் ஒதுக்கிப் பாருங்கள். 33 அத்தியாயங்களுக்கு நேரம் ஒதுக்கிய நம்மால் இந்த ஆறுக்கும் ஒதுக்க முடியும்.